குரல் இரண்டு

மயிலாப்பூரில் குளத்துக்கு நாலு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில், இரண்டு அறை கொண்ட வீடு எங்களுடையது. இந்தச் சின்ன வீட்டுக்குள் என்னிடம் தினமும் அனுமதி கேட்கிற சாமான்கள் மட்டும் ஐந்தாறு இருக்கின்றன. கைபேசி கேட்கும். டிவி கேட்கும். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டிக் கேட்கும். புதிய பதிப்பு வந்திருக்கிறதாம், புதுப்பிக்கவா என்று. சீரியலில் மாமியார் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து அந்தக் கட்டம் வந்து அவள் முகத்தை மறைக்கும். ஒழிந்து போ என்று 'சரி'யை அழுத்தினால் அரை மணி நேரம் கறுப்புத் திரை. திரும்பி வந்ததும், நேற்று வரை இருந்த இடத்தில் எதுவும் இருக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை யார் இவர்களைப் புதுசாக்கச் சொன்னார்கள்?

இதற்கெல்லாம் கோபப்பட எனக்கு அருகதை குறைவுதான். ஒரு அரசு அலுவலகத்தின் கவுன்ட்டரில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து, "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க", "இந்த ஃபாரம் மாறிடுச்சு, புதுசு வாங்கி எழுதிட்டு வாங்க" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவள் நான். "அந்தப் பாவந்தாம்மே உன்ன சுத்தினு கீது" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்வார் என்றால், அவருக்குப் பேச்சு இருந்தபோது.

அவர் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலை அதிகம் நம்ப மாட்டார். பின்படிக்கட்டில் நின்று 'ரைட்' என்று ஒரு குரல் கொடுத்தால் டிரைவருக்குக் கேட்கும், பக்கத்து பஸ்ஸின் டிரைவருக்கும் கேட்கும். நிறுத்த வேண்டும் என்றால் 'ஓல்டான்'. வீட்டிலும் அதே தொண்டைதான். குளியலறையிலிருந்து துண்டு கேட்டால் கீழ்வீட்டு அம்மாள், "உங்க வீட்டுக்காரருக்குத் துண்டு குடுத்துட்டீங்களா?" என்று படிக்கட்டில் விசாரிப்பார். எனக்கு மானம் போகும். கொஞ்சம் மெதுவாகப் பேசக் கூடாதா என்று நான் சண்டை போட்ட நாட்களுக்குக் கணக்கில்லை.

பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் பேச்சையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போனது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. சொல்ல நினைப்பதும் உள்ளே இருந்தது. வாய்க்குத்தான் வரவில்லை. மிச்சமிருந்தவை மூன்றே வார்த்தைகள். 'ரைட்', 'ஓல்டான்', அப்புறம் இங்கே எழுத முடியாத ஒன்று. முதல் இரண்டும் தேய்ந்து 'ஐட்', 'ஓடா' என்று வந்தன. மூன்றாவது மட்டும் அட்சர சுத்தமாக வந்தது. ஆயுசு முழுக்கச் சொன்ன வார்த்தைகள் கடைசி வரை நிற்கும் என்று ராயப்பேட்டையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னார்.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். "நீங்க ரொம்ப நல்லாப் பாத்துக்கறீங்க. அதுதான் பிரச்சினையே. அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள தண்ணியா, ஃபேனா, பாத்ரூமான்னு நீங்களே கேட்டு முடிச்சிடறீங்க. அப்புறம் அவர் எதுக்குப் பேசணும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மை. அவர் உதடு கோணிக்கொண்டு ஒரு சத்தத்துக்காகப் போராடுவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவருடைய கஷ்டத்தைக் குறைப்பதாக நினைத்து என்னுடைய கஷ்டத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஒரே மகள் வேளச்சேரியில் இருக்கிறாள். மென்பொருள் கம்பெனியில் வேலை. அவள்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளங்கை அகலத்துக்குத் தொடுதிரை, அதற்குள்ளேயே மைக். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டி, அறையின் விளக்கு, மின்விசிறி, சமையலறையில் ஒரு சின்ன மணி எல்லாவற்றையும் அதனோடு இணைத்தாள். குரல் கேட்டு வேலை செய்கிற பெட்டிகள் ஊரில் நிறைய உண்டு. இதில் ஒரு விசேஷம் இருந்தது. நாம் எந்தச் சத்தத்தை வேண்டுமானாலும் பத்துத் தடவை சொல்லிக் கொடுக்கலாம். அது தமிழாகவோ இங்கிலீஷாகவோ இருக்க வேண்டும் என்றில்லை. முனகலாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தோம். பத்தாவது தடவை முடிந்து, பெட்டி தயார் என்று காட்டியது. "சொல்லுப்பா" என்றாள் மகள். அவர் சுவரைப் பார்த்து "ஐட்" என்றார். விளக்கு எரிந்தது. "ஓடா" என்றார். அணைந்தது. மறுபடியும் ஐட். மறுபடியும் ஓடா. முகத்தில் பாதிதான் சிரித்தது, ஆனால் சிரித்தார். பட்டப்பகலில் அந்த விளக்கு இருபது தடவையாவது எரிந்து அணைந்திருக்கும். நான் சமையலறைக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டிக்கு அவர்மேல் பரிதாபம் கிடையாது. அதுதான் அதன் நல்ல குணம். அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் அது சும்மா இருந்தது. சரியாகச் சொன்னால்தான் வேலை நடக்கும். அதனால் அவர் சொன்னார். மின்விசிறிக்கு, 'ஃபேன்' தேய்ந்து, 'பேய்' என்று ஒன்று வந்தது. வேகம் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று. பயிற்சி அம்மா அசந்துபோனார். ஏழெட்டு மாதத்தில் மூன்று வார்த்தை ஒன்பதாகியிருந்தது.

ஒன்பதாவது வார்த்தை எனக்கானது. என்னை அவர் எப்போதும் "இந்தாம்மே" என்றுதான் கூப்பிடுவார். அது "தாமே" என்று வரத் தொடங்கியது. அதைச் சொன்னால் சமையலறை மணி இரண்டு தடவை அடிக்கும்படி மகள் வைத்துக் கொடுத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கூப்பிட முடிகிறது என்பதற்காகக் கூப்பிட்டிருப்பார். "வேற வேலை இல்லையா உங்களுக்கு?" என்று கத்துவேன். திரும்பிச் சமையலறைக்குள் கால் வைப்பதற்குள் மணி மறுபடி அடிக்கும்.

இந்தப் பெட்டியும் புதுப்பிக்கச் சொல்லித் தினமும் கேட்டது. மகள் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாள்.

"அம்மா, மத்ததுல நீ என்ன வேணா பண்ணு. இதுல மட்டும் எப்பவும் 'பிறகு'தான். இது பழைய மாடல். புதுசை ஏத்தினா தாங்குமான்னே தெரியல. தானா ஏறாம நான் நிறுத்தி வெச்சிருக்கேன். ஆனா கேக்கறதை நிறுத்த வழி இல்லை, கேட்டுட்டேதான் இருக்கும்."

கேட்டுக்கொண்டேதான் இருந்தது. நடுத்திரையில் நீலப் பின்னணியில் கொட்டை எழுத்தில் 'சரி'. அதற்கு அடியில், சாம்பல் நிறத்தில், கடுகு மாதிரி 'பிறகு நினைவூட்டு'. மறுப்பவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் மறுக்க வேண்டும். காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, சுண்டுவிரல் நுனியால் அந்தக் கடுகைத் தொடுவேன். மாலையில் மறுபடி வந்து நிற்கும். வேண்டாம் என்று சொல்ல அதில் இடமே கிடையாது. இப்போதா, பிறகா, அவ்வளவுதான் கேள்வி. இப்படியே எட்டு மாதம் ஓட்டினேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் தீபாவளியைவிட அதுதான் பெரிசு. டெப்போவில் பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, பொரிகடலை பாக்கெட்டோடு அவர் வீட்டுக்கு வந்த வருடங்கள் எத்தனையோ. ஓய்வு பெற்ற பிறகும் தோல் பையையும் விசிலையும் பூஜையில் வைக்கத் தவறியதில்லை. அந்த வருடமும் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, வீட்டிலுள்ள ஒவ்வொன்றையும் துடைத்தேன். மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், அவருடைய வாக்கர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். கண்ணாடி போட்டால் சாம்பிராணிப் புகையில் மங்குகிறது என்று கழற்றிவைத்திருந்தேன்.

கடைசியாகப் பெட்டியிடம் வந்தேன். மனசு நிறைந்துதான் வந்தேன். இந்த வீட்டில் பூஜை செய்யத் தகுதியான ஆயுதம் என்று ஒன்று இருந்தால் அது நீதான் என்று வாய்விட்டே சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து "ஐட்" என்றார். அறை விளக்கு எரிந்தது. மற்றவற்றுக்கெல்லாம் ஓரத்தில் வைத்த பொட்டை இதற்கு நட்டநடுவில் வைத்தேன். மோதிர விரலில் சந்தனத்தை வழித்து, திரையின் மத்தியில் அழுத்தி, பெரிசாக. மேலே குங்குமம்.

திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சந்தனத்தைச் சுற்றி அது சுற்றுவதைப் பார்த்து, ஏதோ அழகாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 'புதுப்பிக்கப்படுகிறது. மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்.'

அந்தக் கட்டம் திரையில் வந்து நின்றிருக்கிறது. நீலச் 'சரி'யின் மேல் நான் பொட்டு வைத்திருக்கிறேன்.

மகளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை, அவளும் பூஜையில் இருந்திருப்பாள். பிளக்கைப் பிடுங்கலாமா என்று கை நீட்டி, துண்டிக்க வேண்டாம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்து கையை இழுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் கற்பூரம் காட்டினேன். பொரி கொடுத்தேன். கீழே தெருவில் யாரோ ஆட்டோவுக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். அவர் வாயில் பொரியை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து இசை ஒன்று ஒலித்தது. ஒரு பெண் குரல், பல் தெரியச் சிரிக்கிற குரல், வணக்கம் சொன்னது. உங்கள் வீடு இப்போது முன்னைவிடப் புத்திசாலி என்றது.

"ஐட்" என்றார் அவர்.

"மன்னிக்கவும், புரியவில்லை."

"ஐட்."

"மன்னிக்கவும், புரியவில்லை. விளக்கை ஏற்ற, 'விளக்கை ஏற்று' என்று சொல்லிப் பாருங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். "அதுவா என்னவோ பண்ணிக்கிச்சு போலங்க" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். நட்டநடுவில் என் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அவர் பார்வை அங்கே போய் நின்றது. ஈரத்துணியை எடுத்து அவசரமாகத் துடைத்தேன். இன்றைக்கு வரைக்கும் அவரிடம் அதை நான் ஒத்துக்கொண்டதில்லை.

மறுநாளே மகள் வந்தாள். மடிக்கணினியை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை தலைகீழாக நின்று பார்த்தாள். சொல்லிக் கொடுத்த சத்தங்களில் ஒன்றுகூட இல்லை. சொல்லிக் கொடுக்கிற வசதியே இல்லை. 'சொந்தச் சொற்கள் இந்தப் பதிப்பில் கிடையாது' என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

"பழசுக்கே திரும்பிட முடியாதா?"

"திரும்பற வழியை அவங்க வெக்கவே இல்லம்மா." மடிக்கணினியை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள். "எங்க ஆபீஸ்லயும் இதேதாம்மா. எப்ப பழசை நிறுத்தலாம்னு ஒரு மீட்டிங் போடுவோம். இன்னும் எத்தனை பேர் அதை வெச்சிருக்காங்கன்னு யாராவது கேப்பாங்க. ரொம்பக் கொஞ்சம் பேர்தான்னு பதில் வரும். சரின்னு முடிச்சிட்டு டீ குடிக்கப் போயிடுவோம். நானும் போயிருக்கேன்."

அப்பா இருந்த அறையின் கதவை அவள் எட்டி மெதுவாகச் சாத்தினாள்.

பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு தி.நகருக்குப் போனேன். கம்பெனியின் சேவை மையம் அங்கேதான். டோக்கன் வாங்கி உட்கார்ந்து, என் எண் வந்ததும் கவுன்ட்டருக்குப் போனேன். எதிரே என் மகள் வயதுப் பெண். பெட்டியைத் திருப்பி அடியில் இருந்த எண்ணைப் பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த மாடலுக்கு சப்போர்ட் நிறுத்தியாச்சு மேடம். பழசைக் குடுத்துட்டு புதுசு எடுத்துக்கலாம், ஆஃபர் கீது."

"அதில அவர் குரல் இருந்துதும்மா. அதை மட்டும் எடுத்துக் குடுக்க முடியுமா?"

"அப்டேட் ஆனதும் அழிச்சிடும் மேடம். உங்க பாதுகாப்புக்குத்தான் அப்படி." பிறகு எனக்கு நல்லது செய்கிற முகத்தோடு சொன்னாள். "இன்னா இப்ப? மறுபடி பேசிப் பதிஞ்சிக்க வேண்டியதுதான?"

நான் விஷயத்தைச் சொன்னேன். பக்கவாதம், ஒன்பது வார்த்தை, எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கண்கூடக் கலங்கியது. "நாங்க இன்னா மேடம் பண்ண முடியும்? எல்லாம் மேலேர்ந்து வர்றதுதான்" என்றாள். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அந்த வாக்கியத்தை, அதே முகத்தோடு. அவள்மேல் கோபப்பட எனக்கு வழியே இல்லை. புதுப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

புதுப் பெட்டி மெலிசாக, பளபளப்பாக இருந்தது. வீட்டில் இருப்பவர்களின் குரலை அடையாளம் தெரிந்துகொள்ள ஆளுக்கு ஒரு வாக்கியத்தை ஐந்து தடவை வாசிக்கச் சொன்னது. 'இன்றைய காலை இனிமையாக விடிந்தது.' நான் வாசித்தேன். 'குரல் ஒன்று' என்று என்னைப் பதிந்துகொண்டது. அடுத்தது அவர். மகள் வாக்கியத்தைப் பெரிதாக எழுதி எதிரே பிடித்தாள்.

அவர் முயன்றார். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நெற்றி நரம்பு புடைக்க, இடது கை நாற்காலிப் பிடியை இறுக்க, முயன்றார். "இ... இ..." என்று வரும். "மீண்டும் முயலுங்கள்" என்று சிரிக்கிற குரல் சொல்லும். பதினைந்து நிமிடம் இப்படி. கடைசியில், வேர்த்து விறுவிறுத்து, அவர் வாயிலிருந்து அந்த மூன்றாவது வார்த்தை முழுசாக, பஸ் நாட்களில் வந்த அதே கணீரோடு வெளியே வந்தது.

"தயவுசெய்து இத்தகைய சொற்களைத் தவிர்க்கவும்" என்றது பெட்டி.

நானும் மகளும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டோம். அவரும் சிரிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் பேசியதில் அதற்குப் புரிந்தது அது ஒன்றுதான். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். 'குரல் இரண்டு. பதிவு முழுமையடையவில்லை' என்று திரையில் வந்து நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் போல அவர் சொல்லிப் பார்த்தார். நான் அறையில் இல்லாத நேரமாகப் பார்த்து "ஐட்" என்பார். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். உடனே பெட்டிக்குள் இருக்கும் பெண்ணின் மன்னிப்பும் கேட்கும். எழுந்து போய் சுவிட்சைப் போடலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் ஒரு நாள் அந்தச் சத்தம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. "தாமே" எப்போது கடைசியாகச் சொன்னார் என்று எனக்கு ஞாபகமில்லை. கவனித்திருக்க வேண்டும்.

பயிற்சி அம்மா படங்களைக் காட்டிப் பார்த்தார், தாளம் போட்டுப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. "நிறுத்திட்டா வந்த பேச்சும் வேகமாப் போயிடும். எப்படியாவது பேச வையுங்க" என்றார் அந்த அம்மா என்னிடம். எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை. வீட்டில் பழையபடி நான்தான் எல்லாம். அவர் கண் மேலே போனால் மின்விசிறி. உதடு நக்கினால் தண்ணீர். "ஃபேன் போடு" என்று நான் சொன்னால் புதுப் பெட்டி ஒரு நொடிகூடத் தாமதிக்காது. என் குரல் அதற்கு அவ்வளவு நன்றாகப் புரிகிறது.

சில மாதங்கள் கழித்து அது ஒரு புதுக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியது.

'குரல் இரண்டு நீண்ட நாட்களாகப் பயன்படுத்தப்படவில்லை. உங்கள் சாதனம் வேகமாக இயங்க, அதை நீக்கவா?'

கொட்டை எழுத்தில் 'நீக்கு'. கீழே கடுகாக 'பிறகு நினைவூட்டு'.

அந்த அரைகுறைப் பதிவில் என்ன இருக்கிறது? மூன்று 'இ', கொஞ்சம் மூச்சு, ஒரு கெட்ட வார்த்தை. ஆனாலும் இருக்கட்டும் என்றிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, சுண்டுவிரல் நுனியால், மறுபடியும் தினமும் பிறகு, பிறகு என்று தொட ஆரம்பித்தேன். என்றைக்காவது அவர் வாயைத் திறந்தால் அவருக்கென்று அதில் ஓர் இடம் இருக்க வேண்டும் அல்லவா? இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். நான் தொடுவதைக் கட்டிலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் ஒரு காலைவேளை. ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் வாக்கர் தரையில் உராயும் சத்தம் கேட்டது. மாதக்கணக்காக அவர் தானாக எழுந்து நடக்கவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன். கட்டிலிலிருந்து சுவர் வரைக்கும், அந்த ஆறடியை, அவர் தனியாக நடந்து கடந்திருந்தார். முதுகு தெரிய நின்றுகொண்டிருந்தார். வாக்கரில் இடுப்பைச் சாய்த்து, நல்ல கையான இடது கையைத் திரைமேல் வைத்திருந்தார்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நடந்துட்டீங்களா? தனியாவா?" என்று கத்திக்கொண்டே பக்கத்தில் போனேன். திரையைப் பார்த்தேன்.

'குரல் இரண்டு நீக்கப்பட்டது. நன்றி.'

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

அன்றைக்கு நான் முந்திக்கொள்ளவில்லை. அவருக்குப் பதிலாக நான் எதையும் சொல்லி முடிக்கவில்லை. அடுப்பில் தாளிப்பு தீய்ந்து வாசனை வந்தது, அப்போதும் போகவில்லை. அந்தப் பழைய பெட்டி காத்திருந்த மாதிரி, எத்தனை நேரமானாலும் ஆகட்டும் என்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உதடு அசையவில்லை. நடந்து வந்த களைப்பில் அவர் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. கண் மட்டும் ஒரு தடவை மேலே போய்விட்டு வந்தது.

"ஃபேன் போடு" என்றேன்.

மின்விசிறி உடனே சுற்றியது.